மெனு திரைகளுக்கான மின் இணைப்பும் நெட் இணைப்பும்: பூச்சு வேலைக்கு முன் சுவருக்குள் என்னென்ன போக வேண்டும்?

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "சுயசேவை டிபன் கடை தொடங்குகிறேன். பில் கவுன்டருக்கு மேலே மெனு காட்ட 43 அங்குலத் திரைகள் நான்கு, டோக்கன் எண் காட்ட சமையலறை வாசலில் ஒன்று என்று திட்டம். 'டிவிதானே, இரண்டு பிளக் பாயிண்ட் போதும். நெட் வைஃபையில் ஓடிவிடும்' என்கிறார் எலக்ட்ரீஷியன். அடுத்த வாரம் பூச்சு வேலை தொடங்குகிறது. அவர் சொல்வதை நம்பலாமா?"

உங்கள் எலக்ட்ரீஷியன் கணக்கில் தவறு செய்யவில்லை. 43 அங்குலத் திரை ஒன்று சராசரியாக 100 வாட்டுக்குள்தான் எடுக்கும். ஐந்தும் சேர்ந்து 500 வாட். 230 வோல்ட்டில் இரண்டேகால் ஆம்பியர். காபிக்கு வெந்நீர் வைக்கும் எலக்ட்ரிக் கெட்டில் ஒன்று இதைப்போல மூன்று மடங்கு இழுக்கும். நாளைக்குப் 16 மணி நேரம் ஓடினாலும் ஐந்து திரைக்கும் சேர்த்து 8 யூனிட். ஆக, லோடு பற்றிக் கவலையே வேண்டாம்.

ஆனால் கோவையில் பதினாறு வருடமாக உணவகங்களுக்கு வயரிங்கும் திரை வேலையும் செய்கிற எனக்கு, "திரை ஓடவில்லை, உடனே வாருங்கள்" என்று வந்த அழைப்புகளில் ஒன்றுகூட மின்சாரம் போதாமல் வந்ததாக நினைவில்லை. கிரைண்டரோடு ஒரே வயரில் இருந்தது, வாடிக்கையாளர் வைஃபையோடு ஒரே நெட்டில் இருந்தது, கடை மூடும் பையன் கைக்கு எட்டும் சுவிட்சில் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டாளி இருந்தான். எனவே என் பதில் முழுக்க அந்தக் கூட்டாளிகளைப் பிரிப்பதைப் பற்றித்தான். பூசுவதற்கு முன் பிரித்தால் ஒரு நாள் வேலை. பூசிய பிறகு என்றால் டைல்ஸை உடைக்க வேண்டும்.

மின்சாரத்திலிருந்து தொடங்குகிறேன். டிபன் கடை என்றால் மாவு கிரைண்டர், சட்னி மிக்ஸி, எக்ஸாஸ்ட் மோட்டார், ஃப்ரீசர் எல்லாம் இருக்கும். மோட்டார் ஓட்டம் எடுக்கும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதே வயரில் இருக்கும் மற்றவற்றுக்கு வோல்ட்டேஜ் ஒரு கணம் சரியும். டியூப்லைட் கண் சிமிட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. திரைக்குப் பின்னால் ஒட்டியிருந்து மெனு படத்தைத் திரைக்கு அனுப்பும் பிளேயர் பெட்டி அப்படி இல்லை. அது ஒருமுறை சிமிட்டினால் அணைந்து, திரும்ப எழுந்து, படத்தைத் தேடிப் போட ஒரு நிமிடமாவது ஆகும். காலை எட்டரை மணிக் கூட்டத்தில் நான்கு திரையும் "நோ சிக்னல்" என்று காட்ட, காசாளர் மெனுவை வாயால் ஒப்பித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் டிபி பாக்ஸிலிருந்து (கடை முழுவதற்கும் மின்சாரம் பிரியும் பெட்டி) திரைகளுக்கென்று தனி எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), தனி வயர். 10 ஆம்பியர் போதும், ஆனால் சி வகையாக இருக்கட்டும். மின்தடை முடிந்து கரண்ட் திரும்பும்போது ஐந்து திரைகளின் பவர் சப்ளையும் ஒரே நொடியில் உறிஞ்சும். பி வகை எம்சிபி அதைக் கோளாறு என்று எண்ணி விழுந்துவிடக்கூடும். வயர் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கணக்குக்குப் போதும். நான் இரண்டரை போடுவேன். நாளைக்கு ஆறாவது திரை வரும், வராத கடையை நான் பார்த்ததில்லை.

இங்கே எலக்ட்ரீஷியன்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு குறுக்கு வழியைக் கவனியுங்கள். பேஸ் வயரை மட்டும் டிபி பாக்ஸிலிருந்து தனியாக இழுத்துவிட்டு, நியூட்ரலைப் பக்கத்துச் சுவிட்ச் போர்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு வயர் மிச்சம். அப்படிச் செய்தால் தனி எம்சிபி போட்டதற்கே அர்த்தமில்லை. மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருக்கும். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் டிபி பாக்ஸிலிருந்தே சேர்ந்து வர வேண்டும். ஆர்சிசிபியும் திரைகளுக்குத் தனியாக இருக்கட்டும். சமையலறையில் ஈரம் பட்டு ஏதோ ஒரு பிளக்கில் கசிவு வந்தால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி விழத்தான் செய்யும், விழவும் வேண்டும். அதோடு மெனுவும் சேர்ந்து அணைய வேண்டியதில்லை.

மூன்று பேஸ் இணைப்பு வாங்கியிருப்பீர்கள். ஐந்து திரை, பிளேயர்கள், பில்லிங் கணினி எல்லாவற்றையும் ஒரே பேஸில் வையுங்கள். கேபிளால் ஒன்றோடொன்று இணைந்த கருவிகள் வெவ்வேறு பேஸில், வெவ்வேறு எர்த்தில் இருந்து, அந்த எர்த்துகளும் ஒழுங்காக இல்லையென்றால் எச்டிஎம்ஐ போர்ட்கள் கருகும். கேபிளைச் சொருகும்போது விரலில் சுரீரென்று ஒரு கூச்சம் தெரிந்தால் அன்றைக்கே எர்த்தைச் சோதியுங்கள்.

இப்போது, நான் காசு கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டலுக்கு நான் சொன்னபடியே எல்லாம் செய்தேன்: கிரைண்டர், ஃப்ரீசர், ஏசி எல்லாம் இரண்டு பேஸில், திரைகளும் நான்கைந்து விளக்குகளும் மட்டும் மூன்றாவது பேஸில். சுத்தமான பேஸ் என்று பெருமையாகக் காட்டிக்கொண்டேன். ஐப்பசி மழையில் ஒரு மாலை அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் கடையின் ஒரு பகுதி மங்கிக் கிடக்கிறது, கவுன்டர் விளக்குகள் மட்டும் கண்ணைப் பறிக்கின்றன. மீட்டரை வைத்தேன், என் சுத்தமான பேஸில் 320ஐத் தாண்டி இருந்தது. உள்ளே வரும் நியூட்ரல், மெயினில் தளர்ந்து விட்டுப்போயிருந்தது. நியூட்ரல் அறுந்தால், எந்தப் பேஸில் லோடு குறைவோ அந்தப் பேஸில்தான் வோல்ட்டேஜ் ஏறும். நான் பிரித்து வைத்ததே திரைகளுக்கு வினையாயிற்று. நான்கு திரையில் மூன்றின் பவர் போர்டு போனது. ஒவ்வொரு திரைக்கும் ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டியிருந்தார் முதலாளி. இடி மின்னலின்போது இமைப்பொழுதுக்குள் வந்துபோகும் எழுச்சியைத்தான் அது தாங்கும். நிமிடக் கணக்கில் நிற்கும் 320 வோல்ட்டில் அது தானே கருகிவிடும்.

அன்றிலிருந்து திரைகளின் எம்சிபிக்கு அடுத்து ஒரு ஓவர் வோல்ட்டேஜ் கட்-ஆஃப் இல்லாமல் வேலையை முடிப்பதில்லை. டிபி பாக்ஸிலேயே எம்சிபி போல உட்காரும் சிறிய கருவி. மேலே 270, கீழே 170 என்று வைத்தால் அதைத் தாண்டும்போது துண்டித்து, மின்சாரம் சீரானபின் சற்றுப் பொறுத்துத் தானாகவே இணைக்கும். மெயின் போர்டில் மின்னலுக்கான சர்ஜ் அரெஸ்டரும் இருக்கட்டும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

மின்தடைக்கு வருவோம். மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் திரும்ப மதியமோ மாலையோ ஆகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்கு ஜெனரேட்டரோ பெரிய இன்வெர்ட்டரோ எப்படியும் வைப்பீர்கள். கேள்வி, மின்வாரியத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த அரை நிமிடத்தில் என்ன ஆகிறது என்பது. திரை அணைந்து எரியட்டும், பாதகமில்லை. பிளேயர்கள், ரவுட்டர், ஃபைபர் பெட்டி, நெட்வொர்க் சுவிட்ச் (லேன் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டி) ஆகியவை அணையக்கூடாது. எல்லாம் சேர்ந்து 60, 70 வாட்தான். ஒரு சிறிய யூபிஎஸ் போதும். இவை விழித்திருந்தால் திரை எரிந்தவுடன் படம் தயாராக இருக்கும். திரைகளையும் இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் பியூர் சைன்வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும்.

திரை எரிந்தவுடன் என்றேனே, அங்கேதான் ஒரு கண்ணி. வீட்டு டிவிகளில் பல, கரண்ட் போய் வந்ததும் சிவப்பு விளக்கோடு ரிமோட்டுக்காகக் காத்திருக்கும். எட்டடி உயரத்தில் மாட்டிய நான்கு டிவிகளையும் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் ரிமோட்டால் எழுப்ப வேண்டியிருக்கும். ஒரு ரிமோட்டை அழுத்தினால் பக்கத்து டிவி அணையும் கூத்தும் நடக்கும். கடைகளுக்கென்று வரும் வணிகத் திரைகளில் மின்சாரம் வந்ததும் தானே எரியும் வசதி உண்டு. வீட்டு டிவியிலும் சில மாடல்களில் அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும். வாங்குவதற்கு முன் கடையிலேயே, ஓடிக்கொண்டிருக்கும் டிவியின் பிளக்கைப் பிடுங்கி, பத்து நொடி கழித்து மாட்டச் சொல்லுங்கள். விற்பனையாளர் விநோதமாகப் பார்ப்பார். பார்க்கட்டும். கையோடு வாரண்டி அட்டையையும் படியுங்கள். வணிக உபயோகத்துக்குச் செல்லாது என்று வீட்டு டிவிகள் பலவற்றில் அச்சிட்டிருக்கும்.

அடுத்தது பாயிண்ட் எங்கே வர வேண்டும் என்பது. சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் அதிகம் உடைக்கப்படுவது இதற்காகத்தான். சுவரோடு ஒட்டி நிற்கும் மெல்லிய பிராக்கெட்டில் திரைக்கும் சுவருக்கும் இடையே இரண்டரை, மூன்று செண்டிமீட்டர்தான் இடம் இருக்கும். மூன்று பின் பிளக் டாப்பை சாக்கெட்டில் சொருகினால் வயரின் வளைவோடு ஐந்து செண்டிமீட்டருக்கு மேல் துருத்தும். திரை சுவரில் உட்காராது. அப்போது ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை நேரடியாக முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுகிறார்கள். எண்ணெய்ப் புகை படியும் இடத்தில் அந்த டேப் ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது. எனவே சாக்கெட் பெட்டியைச் சுவருக்குள் ஆழமாகப் புதைத்து, பிளக் டாப் சுவர் மட்டத்துக்கு உள்ளேயே அடங்கும்படி செய்யச் சொல்லுங்கள். பெட்டி, பிராக்கெட் தகடு வரும் நடுப்பகுதியில் வரக்கூடாது; பக்கவாட்டில் தள்ளி, ஆனால் திரையின் விளிம்புக்கு உள்ளேயே வர வேண்டும். இதைத் துல்லியமாகக் குறிக்க வேண்டுமென்றால் திரை எந்த மாடல் என்று இப்போதே முடிவு செய்தாக வேண்டும். முடிவாகவில்லையென்றால் ஒரு அட்டைப்பெட்டியை 97-க்கு 56 செண்டிமீட்டரில் வெட்டிச் சுவரில் ஒட்டி, வரிசையில் நிற்பவர் இடத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலான 43 அங்குலத் திரைகளின் அளவு ஏறத்தாழ அதுதான்.

அட்டையை ஒட்டியதும் எழுத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது பலகை எழுதுபவர்களின் பழைய கணக்கு. உங்கள் வரிசை பதினைந்தடி நீண்டால் ஒன்றரை அங்குலம். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் கீழே சுழியும் இருப்பதால் வரிக்கு இரண்டரை அங்குலமாவது விட வேண்டும். 43 அங்குலத் திரையின் உயரம் 21 அங்குலம்தான். எட்டு வரி வரும். ஐம்பது பதார்த்தத்தை ஒரே திரையில் அடைக்க நினைத்திருந்தால் இப்போதே எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். செங்கல் சுவராக இல்லாமல் ஜிப்சம் பலகையில் மாட்டுவதாக இருந்தால் பின்னால் 18 மில்லிமீட்டர் பிளைவுட் வைத்து மூடச் சொல்லுங்கள்.

ஒரு திரைக்கு நான் கேட்பது இவ்வளவுதான்: 6 ஆம்பியர் சாக்கெட் இரண்டு (திரைக்கு ஒன்று, பிளேயருக்கு யூபிஎஸ் வழியாக ஒன்று), நெட்டுக்குக் கேட்-6 லேன் கேபிள் இரண்டு, எதுவும் விடாமல் காலியாக ஒரு பைப். காலிப் பைப் எதற்கு என்று மேஸ்திரி கேட்பார். நாளைக்கு எச்டிஎம்ஐ கேபிள் விட வேண்டியிருந்தால் என்று சொல்லுங்கள். அந்தக் கேபிளின் தலை ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலம். வழக்கமாகப் போடும் 25 மில்லிமீட்டர் பைப்பின் உள்வாய் அதைவிடக் கொஞ்சமே பெரிது. நேராகப் போகும், முதல் முழங்கையில் மாட்டிக்கொள்ளும். அதற்குமேல் இழுத்தால் தலை கையோடு வரும், கேபிள் உள்ளே நிற்கும். 40 மில்லிமீட்டர் பைப், முழங்கைக்குப் பதில் அகலமான வளைவு, உள்ளே ஒரு இழுவைக் கயிறு. இவற்றுக்கு இப்போது ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

எச்டிஎம்ஐ பற்றிச் சுருக்கமாக. பில்லிங் கணினியிலிருந்தே நான்கு திரைக்கும் நீண்ட கேபிள் இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாதாரணக் கேபிளில் 4கே படம் 5 மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. முழு எச்டி 10 மீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் ஆப்டிகல் எச்டிஎம்ஐ இருக்கிறது; அதற்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, தலைகீழாகச் சுவரில் புதைத்துவிட்டுத் தவித்த ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார். திரைக்கு ஒரு பிளேயர் பின்னாலேயே இருந்தால் அரை மீட்டர் கேபிளில் கதை முடிந்தது. வணிகத் திரைகள் பலவற்றுக்குள் பிளேயர் ஏற்கெனவே இருக்கும்.

இனி நெட். வைஃபையில் ஓடாதா என்றால், திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அருமையாக ஓடும். கடை காலியாக இருக்கும். மறுநாள் எண்பது பேர் எண்பது கைபேசியோடு உள்ளே வருவார்கள். சமையலறையில் மைக்ரோவேவ் இருந்தால் அது வேலை செய்வதும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான். போதாததற்கு எங்கு பார்த்தாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நகராத ஒரு பொருளுக்கு எதற்கு நகரும் இணைப்பு? சுவரில் ஆணியடித்து மாட்டிய திரைக்கு வயர் போடுவதே நியாயம். கைபேசிக்கும் கார்டு மெஷினுக்கும் வைஃபை இருக்கட்டும்.

லேன் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று பாருங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். உள்கம்பியை பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். வளைத்தால் ஒடியும், மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் பிஓஇ வேலைக்கு அறவே ஆகாது. ஒவ்வொரு கேபிளும் நடுவில் ஒட்டுப்போடாமல் நேராக ஒரே இடத்துக்கு வர வேண்டும். அந்த இடம் காசாளர் பக்கம் உள்ள ஒரு சிறிய சுவர் அலமாரி. கை கழுவும் இடத்துக்கும் அடுப்புக்கும் அருகில் வேண்டாம். மின் வயரும் லேன் கேபிளும் ஒரே பைப்பில் போகவே கூடாது. இணையாக ஓடினால் ஒரு சாண் இடைவெளி, குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

நெட்வொர்க் சுவிட்சில் எத்தனை போர்ட் என்று எண்ணிப் பாருங்கள்: திரை ஐந்து, பில்லிங் கணினி இரண்டு, சமையலறை பிரிண்டர் ஒன்று, சிசிடிவி பெட்டி ஒன்று, வைஃபை பெட்டி ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று. பதினொன்று ஆயிற்று. எட்டு போர்ட் வாங்கிவிட்டு இன்னொரு எட்டை அதோடு தொங்கவிடுவதற்குப் பதில் பதினாறாகவே வாங்கிவிடுங்கள்.

கூட்டாளி பிரச்சினை நெட்டிலும் உண்டு, மின்சாரத்தில் இருப்பதைவிட வேடிக்கையாக. ஈரோட்டுப் பக்கம் ஒரு கடையில் தினமும் காலை சமையலறை பிரிண்டர் ஆர்டர் சீட்டை அடிக்காது. பிரிண்டரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், பில்லிங் மென்பொருள்காரரைத் திட்டினார்கள். பிரிண்டருக்கு நெட்டில் முகவரியாக ஒரு நிலையான ஐபி எண்ணைக் கையால் போட்டிருந்தார்கள். ரவுட்டருக்கு அது தெரியாது. காலையில் முதலில் எழுந்த மெனு திரைக்கு ரவுட்டர் அதே எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடும். பில்லிலிருந்து போன ஆர்டர் பிரிண்டருக்குப் பதில் திரையின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். ரவுட்டரில் ஒவ்வொரு கருவிக்கும் எண்ணை ஒதுக்கி வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. பத்து நிமிட வேலை.

இன்னொரு கடையில் வாடிக்கையாளர் வைஃபையும் திரைகளும் ஒரே நெட்டில். ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டு மெனு ஓடிய திரையில் திடீரென்று கிரிக்கெட் ஆட்டம். மூலையில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் தன் கைபேசியில் திரைக்கு அனுப்பும் பொத்தானை விளையாட்டாக அழுத்தியிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள், முதலாளியைத் தவிர. சிரிப்போடு முடிந்தது நல்லது. அதே நெட்டில்தான் பில்லிங் கணினியும் கார்டு மெஷினும் இருந்தன. உங்கள் நெட்டை மூன்றாகப் பிரியுங்கள்: பில்லிங்கும் பிரிண்டரும் கார்டு மெஷினும் ஒன்று, திரைகள் ஒன்று, வாடிக்கையாளர் ஒன்று. பிரித்துக்கொடுக்கும் வசதியுள்ள ரவுட்டரும் சுவிட்சும் சற்று விலை கூடுதல். அது முடியாவிட்டால் குறைந்தபட்சம் ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கையாவது இயக்குங்கள்.

இணைய வேகம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மெனு படம் ஒன்று 1 எம்பிகூட வராது. நெய் ரோஸ்ட்டில் ஆவி பறக்கும் பதினைந்து நொடி வீடியோ 20 எம்பிக்குள் அடங்கும். அதைப் பிளேயர் ஒருமுறை இறக்கித் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மெனு மென்பொருள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்: இணையம் மூன்று நாள் வராவிட்டாலும் மெனு ஓடுமா? கூடவே இன்னொன்று: கரண்ட்டும் இணையமும் சேர்ந்து போய், கரண்ட் மட்டும் திரும்பினால் பிளேயருக்கு மணி தெரியுமா? மலிவான பெட்டிகளுக்குள் கடிகார பேட்டரி இருக்காது; நேரத்தை இணையத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். கேட்க வழியில்லாதபோது தப்பான நேரத்தோடு எழுந்து, மதியம் ஒரு மணிக்குப் பொங்கல் வடையைக் காட்டிக்கொண்டிருக்கும். பிளேயரையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ் எழுத்தையும் அந்த விற்பனையாளரிடமே சோதித்துவிடுங்கள். "கொத்து பரோட்டா" என்று தட்டச்சு செய்து திரையில் காட்டச் சொல்லுங்கள். பழைய பெட்டிகள் சிலவற்றில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். சிதறினால் மெனுவைப் படமாக மாற்றி ஏற்றலாம். விலை மாறும் ஒவ்வொரு முறையும் வடிவமைப்பாளரைத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, கடை மூடும் பையன். அவன்மேல் தப்பில்லை. "போகும்போது எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போ" என்று சொன்னவர் நீங்கள்தான். அவன் ரவுட்டரையும் அணைப்பான், பிளேயரையும் அணைப்பான். இரவில் ஏற வேண்டிய புது விலை ஏறாது; காலையில் பில்லில் ஒரு விலை, திரையில் ஒரு விலை, கவுன்டரில் சண்டை. திரைகளுக்கும் நெட் அலமாரிக்கும் போகும் பாயிண்ட்களுக்குக் கைக்கு எட்டும் சுவிட்ச் வைக்காதீர்கள். எம்சிபியே அவற்றுக்குச் சுவிட்சாக இருக்கட்டும், அதன்மேல் "மெனு திரை - அணைக்காதே" என்று கொட்டை எழுத்தில் ஒட்டுங்கள். இரவு அணைவதும் காலை எரிவதும் திரையின் அட்டவணையே பார்த்துக்கொள்ளும்.

பால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன போகிறது என்பதையும் ஒருமுறை ஏணி வைத்துப் பாருங்கள். தோசைக்கல்லின் புகைக்குழாய் அந்த வழியாகத்தான் போகும். தகரக் குழாயின்மேல் கேபிள் படுத்துக்கிடந்தால், சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி வரைதான் தாங்கும் என்பதை நினைவில் வையுங்கள். எலி வேறு. உணவகத்தின் சீலிங்குக்கு மேலே எலி இல்லை என்று சொல்பவர் சீலிங்குக்கு மேலே பார்த்ததில்லை. பைப்புக்குள் போகாத லேன் கேபிள் அதற்குப் பலகாரம். திறந்தவெளியில் ஓர் அடிகூட விடாதீர்கள். பைப்பின் வாயையும் அடைத்துவிடுங்கள்.

ஐந்தாவது திரை, அந்த டோக்கன் திரையைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம். சமையலறை வாசல் என்றால் ஆவியும் வெப்பமும் நேராக அடிக்கும். பெரும்பாலான திரைகள் 40 டிகிரி வரைக்குத்தான் உத்தரவாதம். வாசலுக்கு நேர் மேலே வேண்டாம், பக்கச் சுவரில் நான்கைந்து அடி தள்ளி வையுங்கள். வரிசையில் நிற்பவருக்கும் அதுதான் வசதியாகத் தெரியும்.

பூசுவதற்கு முந்தின நாள், திறந்து கிடக்கும் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து வையுங்கள். பிராக்கெட்டுக்கு டிரில் போடுபவர் பைப் எங்கே போகிறது என்று கேட்பார். திரைகள் மாட்டிய பிறகு, எலக்ட்ரீஷியனுக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், எல்லாத் திரையும் ஓடும்போது கிரைண்டரையும் எக்ஸாஸ்ட்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். படம் துடிக்கிறதா? பிறகு மெயினை அணைத்து, ஜெனரேட்டருக்கு மாற்றி, திரும்ப மின்வாரியத்துக்கு மாற்றுங்கள். ரிமோட்டைத் தொடாமல் ஐந்து திரையிலும் சரியான மெனு வந்துவிட்டால் பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள். வராத திரைக்கு உரிய பணத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். அவர் மறுநாளே வருவார்.